தோ பாயோ மண்ணும் வெள்ளி நாணயமும்

சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் டாலரை ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். இச்சொல் ஒரு நாணய வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. மெக்சிக்க வெள்ளியும் பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் புழங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1903இல் தனி வெள்ளி வந்தது. பழைய நாணயங்கள் பம்பாய் நாணயச்சாலைக்கு அனுப்பப்பட்டு, உருக்கிப் புதிதாக அச்சிடப்பட்டன. வெள்ளியின் விலையேற்றத்தால் 1907இல் அந்நாணயத்தின் எடை குறைக்கப்பட்டது.

அத்தகைய நாணயமொன்றை உலோகங்காட்டும் கருவிகொண்டு ஒருவர் தோ பாயோவில் கண்டெடுப்பின் அதனை எங்ஙனம் மதிப்பிடுவது? அச்சிட்ட ஆண்டை நாணயமே கூறும். கிடைத்த இடமோ ஐயத்திற்குரியது. சதுப்பும் தோட்டமுமாக இருந்த அந்நிலம் 1960களில் சமன்படுத்தப்பட்டுக் குடியிருப்பு நகரமாயிற்று. எனவே ஆழம், மண்ணடுக்கு, உடன்கிடந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறிக்காது தோண்டியெடுப்பின் எஞ்சுவது வெள்ளியே அன்றி வரலாறு அன்று எனக் கருதுகிறோம்.