அடக்கத்தன்று வாசிக்கப்பட்ட சுயசரிதைகள்

ஒருவர் மறைந்த பிறகு அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது உலக வழக்கம். நாளிதழ்களின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டினால் தோற்றம், மறைவு, புகைப்படம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வரிசை இருக்கும். மறைந்தவர் எதை நம்பினார், எதற்காக அழுதார் என்பது அதில் இராது. ஆனால், தம் நல்லடக்கத்தன்று வாசிக்கப்பட வேண்டிய வாழ்க்கைக் குறிப்பைத் தாமே எழுதி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள்தாம் மொராவிய சகோதர சபையினர்.

இச்சபையின் வேர் 1415ஆம் ஆண்டில் உயிரோடு எரிக்கப்பட்ட செக் நாட்டுச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வரை செல்கிறது. அவர் வழி வந்தவர்களில் சிலர் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி, 1722இல் மொராவியாவிலிருந்து ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபு தம் நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். அவருக்கு அப்போது வயது 22. ஹெர்ன்ஹூட் என்ற ஊர் அப்படித்தான் உருவாயிற்று. 'ஆண்டவரின் காவல்' என்பது அதன் பொருள்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வழக்கத்தை 1740களின் நடுவிலிருந்து சின்சென்டார்ஃப் ஊக்குவித்தார். ஜெர்மன் மொழியில் இதற்கு 'லேபன்ஸ்லௌஃப்' என்று பெயர். வாழ்க்கை ஓட்டம் என்று சொல்லலாம். கடவுள் ஒவ்வொரு மனிதரின் வாழ்விலும் தனித்தனியாகச் செயல்படுகிறார் என்றால், அதைச் சொல்லாமல் போவது சாட்சியை மறைப்பதாகும் என்பது அவர்களின் எண்ணம். இறப்பை அவர்கள் 'வீடு திரும்புதல்' என்றே அழைத்தனர். வீடு திரும்புகிறவர் விடைபெறும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதானே முறை?

எழுதியவரால் தம் இறுதி நேரத்தை எழுத முடியாது அல்லவா? அதனை உடனிருந்தவர் எழுதி முடிப்பார். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அடக்க ஆராதனையில் சபை அதைக் கேட்கும். சிறந்தவை கையால் படியெடுக்கப்பட்டு, கிரீன்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள் என்று சபையார் பணியாற்றிய இடங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டன.

மன்னர்களும் போதகர்களும் மட்டுமே வரலாற்றில் இடம்பெற்ற காலம் அது. அந்தக் காலத்தில் செருப்புத் தைப்பவர், தச்சர், நூல் நூற்ற பெண், சமையற்காரி ஆகியோரின் சுயசரிதைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. இன்று அவை ஹெர்ன்ஹூட்டிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லகேமிலும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெத்லகேம் பெண்களின் குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, காத்ரின் ஃபால் என்ற ஆய்வாளர் 1997இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

பெத்லகேம் ஏடுகளில் ஆண்ட்ரூ என்பவரின் கதை நெஞ்சை உலுக்கக்கூடியது. அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ இனத்தில் பிறந்தவர். தந்தை இறந்த பிறகு, சொந்த அண்ணனே அவரை இரண்டு ஆடுகளுக்கு ஈடாக அடகு வைத்தார். பிறகு கைமாறிக் கைமாறி அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, மேற்கிந்தியத் தீவு வழியாக நியூயார்க் வந்தார். அடகுப் பொருளாக வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு சிறுவன், 1779இல் மறையும்போது தன் பெயரில் ஒரு வரலாற்றை விட்டுச் சென்றிருக்கிறான். அவருடைய மனைவி மக்தலேனாவும் ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். பிலடெல்பியாவில் இருந்த எசமானர் தம்மைப் பெத்லகேமுக்கு அனுப்ப நினைத்தபோது, தமக்கு அங்கே போக விருப்பமே இல்லை என்றும், வேறு யாருக்காவது விற்றுவிடும்படி கேட்டதாகவும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இதனால் இந்த ஏடுகளை அப்படியே முழு உண்மை என்று ஏற்க வேண்டுமா? அதுவும் சரியாகாது. பாவத்தில் தவித்தேன், மீட்பரைக் கண்டேன், அமைதி பெற்றேன் என்ற ஒரே அச்சில் வார்த்தவை போலப் பல குறிப்புகள் இருக்கும். சபையில் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து எழுதுபவர் சபையைப் பற்றிய குறையை எழுதுவாரா? மேலும், 1760இல் சின்சென்டார்ஃப் காலமான பிறகு, சபைக்குச் சங்கடம் தரும் என்று கருதப்பட்ட பழைய தாள்கள் பலவற்றைத் தலைவர்களே அழித்துவிட்டனர். அடிமைகளைச் சகோதரர் என்று அழைத்த அதே சபை, அடிமைகளை வைத்தும் இருந்தது. வட கரோலினாவின் சேலம் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினத்தவரின் கல்லறைகளையும் தனியாகப் பிரித்தது. கதையைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, கதை சொன்னவரின் சங்கிலி கண்ணில் படாமல் போனதுதான் வேதனை.

தமிழ் மண்ணுக்கும் இச்சபைக்கும் தொடர்பு உண்டு. நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் அமைக்க டேனிஷ்காரர்கள் விரும்பியதால், 1760இல் மொராவியர்கள் தரங்கம்பாடி வந்து இறங்கினர். ஊருக்கு அருகே தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து பிழைத்தனர். அங்கே சீகன்பால்க் வழியில் ஏற்கெனவே பணியாற்றிய லுத்தரன் மிஷனரிகளுக்கு இவர்களின் வருகை பிடிக்கவில்லை. நிக்கோபாருக்குச் சென்றவர்களோ ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் மாண்டனர். 1787இல் அப்பணி கைவிடப்பட்டது.

உயிர் தப்பியவர்களில் ஹென்சல் என்பவர் ஒருவர். முதுமையில், சபை நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தாம் பட்ட பாட்டையெல்லாம் கடிதங்களாக எழுதினார். பாம்பு, முதலை, காய்ச்சல், தனிமை எல்லாம் அதில் உண்டு. அக்கடிதங்கள் 1812இல் லண்டனில் நூலாக அச்சேறின. நிக்கோபார் மக்களின் அன்றைய வாழ்க்கையை அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலைத் தேடிப் படிக்கின்றனர்.