ராச்ஃபோர்டு முற்றத்து வெயில்

பிறந்த இரண்டு மூன்று நாட்களில் சிசுவின் மேனியிற் படரும் மஞ்சள் பெரும்பாலும் தானே மறைந்துவிடுவதுதான். ஆயினும், சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்னும் நிறப்பொருளை வெளியேற்றும் சக்தி கல்லீரலுக்கு முற்றுமுன்பே பிறந்துவிடும் குறைமாதக் குழந்தைகளுக்கு, அது அளவு மீறி மூளையிற் படிந்து, உயிரைப் பறிப்பதும், பிழைத்தவர்களைச் செவிடாக்கி முடக்கிவிடுவதும் உண்டு. 1950-களில் இதற்கிருந்த பிரதான சிகிச்சை, தொப்புள் நாளத்தின் வழியே சிசுவின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு இரத்தம் ஏற்றுவதே. அதுவே ஆபத்து மிகுந்தது.

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பிரதேசத்து ராச்ஃபோர்டு பொது ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளின் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் ஜீன் வார்டு என்ற அம்மையார், வெக்கைப் பெட்டியின் தேங்கிய காற்றைவிட வெயிலும் வெளிக்காற்றுமே பச்சிளங் குழந்தைகளுக்கு நல்லவை என்ற திடமான நம்பிக்கை உடையவர். ஆதலால் இதமான நாட்களில் அவர்களை முற்றத்துக்குக் கொண்டுபோய், டாக்டர்கள் வருமுன் திரும்ப உள்ளே சேர்த்துவிடுவார். 1956-ல் ஒருநாள் அவர் டாக்டர்களிடம் ஒரு சிசுவைத் திறந்து காட்டினார். உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, முக்கோண வடிவான ஓர் இடம் மட்டும் அடர்மஞ்சளாகவே நின்றது. துணியின் மூலை மூடிக் கிடந்ததால் வெயில் படாத இடம் அது.

சில வாரங்களுக்குப்பின், ஜன்னலோரத்து வெயிலில் கிடந்த, இரத்தம் எடுத்துவைத்த சோதனைக் குழாயொன்றில் பிலிருபினின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருந்தது. அதன்பின் சந்தேகத்துக்கு இடமேது? அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கிரெமரும் பெரிமனும் ரிச்சர்ட்ஸும் ஆராய்ந்து, நீலநிற விளக்குகள் பொருத்திய தொட்டில் அமைப்பொன்றைச் செய்து, தங்கள் முடிவை 1958-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டனர். கட்டுரையாசிரியர் வரிசையில் அந்தத் தாதியின் பெயர் இல்லை. ஆனால் இந்த வரலாற்றில் என் மனம் முதலில் வணங்குவது அவரையே, ஏனெனில் நித்தமும் குழந்தைகளின் மேனியை அன்போடு நோக்கிய கண்ணுக்கன்றி அந்த முக்கோணம் புலப்பட்டிராது.

நீல ஒளி தோலில் ஊடுருவிப் பிலிருபினின் அணுக்கூட்டு அமைப்பை மாற்றுவதால், அது கல்லீரலின் இரசாயன உதவியின்றியே பித்தநீரிலும் சிறுநீரிலும் கழிந்துபோகிறது என்ற காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. தென்னமெரிக்க வைத்தியர் சிலர் இம்முறையை விரைவிலேயே கைக்கொண்டனர்; அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, வெர்மான்டில் ஜெரால்டு லூசியும் அவர் சகாக்களும் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஒப்பீட்டுப் பரிசோதனை 1968-ல் வெளிவந்த பிறகே, சிசுக்களின் கண்களைக் கட்டி விளக்கொளியிற் கிடத்தும் வழக்கம் ஆஸ்பத்திரிகளில் பரவலாயிற்று.