வளைகுடாவின் கறவைப் பசுக்கள்: இனவிருத்தியா, கொட்டகையா?

வளைகுடா நாடுகளின் பால் பண்ணை வரலாற்றை இனவிருத்தியின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். 45 டிகிரி வெயிலடிக்கும் ஊரில் குளிர்நாட்டு ஹோல்ஸ்டீன் பசு கன்று ஈன்று கறப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சான்றுகளோ மாறியது கொட்டகைதான் என்கின்றன. மண்ணுக்கேற்ற மாடு இங்கே இல்லாமலில்லை. ஓமனின் தோஃபார் மலைகளில் பருவமழைப் புல் மேயும் சிறிய திமில் மாடுகள் உண்டு. ஆனால் அவற்றின் பால் கொஞ்சம். எண்ணெய்ப் பணத்தில் நகரங்கள் பெருத்தபோது, அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தரமுயர்த்த எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. 1977இல் சவூதியில் அல்மராய், 1981இல் அபுதாபி அமீரகத்தில் அல் ஐன் பண்ணை, 1989இல் துபாயில் அல் ரவாபி எனத் தொடங்கிய பெரும் பண்ணைகள் குளிர்நாட்டுக் கறவையையே நம்பின. 2017இல் அண்டை நாடுகள் உறவை முறித்துக்கொண்டபோது கத்தாரின் பலத்னா பண்ணை விமானத்திலேயே பசுக்களை இறக்கியது. நெருக்கடிக்கு விடை சந்தையில் கிடைத்ததே தவிர, இனவிருத்தி நிலையத்தில் அல்ல.

வெப்பம் முதலில் தாக்குவது சினைபிடிப்பை. சூடேறிய பசு தீவனம் குறைக்கும். பருவ அறிகுறி மங்கி, பெரும்பாலும் இரவில் வந்து போய்விடும். வளரும் முட்டையும் கெடும். கோடையில் கெட்ட முட்டைகளின் விளைவு குளிர் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் நீடிக்கும். நீர்த்தெளிப்பும் மின்விசிறியும் இதைப் பெருமளவு தணித்தன. சவூதியின் உள்நாட்டுப் பகுதியான அல் கர்ஜின் வறண்ட காற்றில் நீர்த்தூவல் நன்றாகக் குளிர்விக்கும். ஆகஸ்டில் ஈரம் கனத்த கடலோரத்தில் அது அவ்வளவு பலிக்காது. ஏழு நாள் கருவை மாற்றி வைத்தால், வெப்பத்துக்கு மிக எளிதில் அழியும் தொடக்க நாட்களைத் தாண்டிவிடலாம். இவையெல்லாம் திறமையான ஏற்பாடுகள். ஆனால் இவற்றால் பசுவின் மரபு மாறுவதில்லை.

இன்று கிடேரிகள் பண்ணையிலேயே பிறக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சினை ஊசியில் இருப்பது பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பியக் காளைகளின் உறைவிந்து. அந்தக் காளைகளின் தரம் கணிக்கப்பட்டதும் அங்குள்ள மகள்களின் கறவையைக் கொண்டுதான். இதற்கு மாறாக, தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்று தட்பவெப்பம் பார்த்து வகுத்தார்கள். அதன் குறைகள் தனிக்கதை. தேர்வில் ஊருக்கும் இடமிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

மற்றொரு வாதம் வலுவானது: அதிகம் கறக்கும் பசுவுக்கு ஒரு லிட்டருக்கான தீவனம் குறைவு. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தீவனம் எந்தத் தண்ணீரில் விளைகிறது? நிலத்தடி நீர் வற்றுவதைக் கண்டு, பசுந்தீவனச் சாகுபடியைப் படிப்படியாக நிறுத்த சவூதி அரசு 2015இல் முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 2014இல், அல்மராய் அமெரிக்காவின் அரிசோனாவில் குதிரைமசால் விளைவிக்க நிலம் வாங்கியிருந்தது. அங்கும் நிலத்தடி நீர்ச் சர்ச்சை எழுந்து, அதன் துணை நிறுவனத்துக்கு இருந்த அரசு நிலக் குத்தகைகளை முடிவுக்குக் கொண்டுவருவதாக மாநில ஆளுநர் 2023இல் அறிவித்தார்.

ஆய்வுத்திறன் இல்லாத குறை என்றும் சொல்ல முடியாது. உலகின் முதல் நகலாக்க ஒட்டகமான இன்ஜாஸ் 2009இல் துபாயில்தான் பிறந்தது. தேவையான மரபணுவுக்கும் குறையில்லை: வெப்பம் தாங்கும் குறுமயிர் மரபணு கரீபியத் தீவுகளின் செனபோல் மாடுகளிலிருந்து ஹோல்ஸ்டீனுக்குச் சென்றிருக்கிறது. தன் வெயிலில் கறந்த மகள்களைக் கொண்டு தன் காளைகளை வளைகுடா தேர்ந்தெடுக்கும்வரை, இதைப் பொறியியல் வரலாறாகவே எழுத வேண்டும்.