பாங்டிக்காரர்களின் கணக்கு

ஐப்பசி மாசம் காரைக்கால் பக்கம் பூவத்து வயல்வெளியில் நின்று பாருங்கள். தலைக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். மழை வரப்போகுது என்பார்கள் பெரியவர்கள். தட்டான்களில் ஒரு வகை, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவரை கடல் தாண்டிப் போகிறது என்று 2009-ல் எழுதினார் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர். நம்ப முடியவில்லை, இல்லையா? அதே பருவத்தில், அதே காற்றைப் பிடித்து, வழியில் அந்தத் தட்டான்களையே தின்றுகொண்டு கடல் தாண்டுவதாகக் கருதப்படும் ஒரு பறவையும் இருக்கிறது. பெயர், அமுர் வல்லூறு.

வல்லூறு என்றதும் கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகும் ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். இது புறா சைஸ்தான். எடை சுமார் 150 கிராம். ஈசல், வெட்டுக்கிளி, தட்டான்... இவைதான் முக்கியமான சாப்பாடு. ஆணுக்குச் சாம்பல் உடம்பு, சிவந்த கால். பெண்ணுக்கு வெளுத்த வயிற்றில் கறுப்புத் தீற்றல்கள். ஆண் பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளை வெளேரென்று தெரியும். அதன் மேற்கத்திய உறவான செங்கால் வல்லூறுக்கு அந்த இடம் கறுப்பு. ஆனாலும் இரண்டையும் ஒரே இனமாகத்தான் வெகுகாலம் கணக்கில் வைத்திருந்தார்கள்.

குஞ்சு பொரிப்பது தென்கிழக்கு சைபீரியா, வட சீனா பக்கம். குளிர்காலத்துக்குப் போவது ஆப்பிரிக்காவின் தென்கோடி. இடையில் இளைப்பாற இறங்குவது நாகாலாந்தில், வோகா மாவட்டத்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில். லட்சக்கணக்கில்!

அந்த நீர்த்தேக்கம் 2000-ல் ஓடத் தொடங்கிய நீர்மின் திட்டத்துக்காக வந்தது. பாங்டி கிராமத்துக்காரர்களின் நல்ல விளைநிலம் தண்ணீருக்குள் போயிற்று. விவசாயி மீன் பிடிக்கப் போனார். அப்புறம் மீன் வலை மரத்துக்கு மரம் ஏறியது. இரை தேடியும் அடையவும் தாழப் பறந்த வல்லூறுகள் கொத்துக் கொத்தாக மாட்டின. இறைச்சிக்கு விற்பனை.

2012 அக்டோபரில் பத்திரிகையாளர் பானோ ஹராலு, ராம்கி சீனிவாசன் உள்ளிட்ட நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் கொல்லப்படுவதாக மதிப்பிட்டார்கள். அவர்கள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. நாற்பது வருஷமாக அது புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கொலையை நிறுத்தியது கிராமத்தின் முடிவு. கிராம சபைகள் தடை போட்டன. தேவாலயங்களும் பேசின. 2013 பருவத்தில் ஒரு பறவைகூடக் கொல்லப்பட்டதாகப் பதிவில்லை. ஒரே வருஷத்தில்!

அந்த நவம்பரில் விஞ்ஞானிகள் மூன்று பறவைகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவியைக் கட்டிவிட்டார்கள். பெயர்கள்: நாகா, வோகா, பாங்டி. ஆமாம், வலை விரித்த ஊரின் பெயர்தான்! வங்கக் கடல், ஆந்திரக் கரை, மராட்டியம், அரபிக்கடல் என்று கடந்து, ஐந்தரை நாளில் சுமார் 5,600 கிலோமீட்டர் பறந்து ஆப்பிரிக்காவைத் தொட்டது நாகா.

சந்தோஷமான முடிவுதான். ஆனாலும் காமர்ஸ் படித்த புத்தி, பேரேட்டைப் புரட்டாமல் விடமாட்டேன் என்கிறது. அணைக்காக நிலம் கொடுத்தவர் பாங்டிக்காரர். பறவைக்காக வருமானத்தை விட்டவரும் அவரேதான். உலகம் கைதட்டியது. பறவை பார்க்க டூரிஸ்ட்டுகளும் வருகிறார்கள். வல்லூறுகள் இருக்கும் சில வாரங்களுக்கு அது சரி. அவை கிளம்பிப் போனபிறகு மிச்சமிருக்கும் பத்து மாசச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

பறவையைக் காப்பாற்றச் சொன்ன நாம்தானே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்?