காட்டகத்துச் சிற்றூரும் கண்ணுதற் பெருமான் கோயிலும்

திருப்பணியிற் பங்குகொண்ட மெய்யன்பர்களுக்குக் குடமுழுக்கு நன்னாள் பேரின்பம் தருவதாகும். வேள்விச்சாலைத் தீ அவிந்து, பந்தல் பிரித்து, வந்தோர் தத்தம் ஊர்க்கு மீண்ட பின்னர் இக்கோயில் எதனால் நிலைபெறும் என்னும் வினா அன்று எவருள்ளத்தும் எழுவது அரிது. அவ்வினாவுக்கு எண்ணூறு ஆண்டுகளாக விடை பகர்ந்து நிற்கும் சிற்றூர் ஒன்று தெலுங்கு நாட்டுக் காட்டகத்தே உளது. பாலம்பேட்டை என்பது அதன் பெயர்.

ஐதராபாத்து நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தெலங்கானா மாநிலத்து முலுகு மாவட்டத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. காடடர்ந்த சிறு குன்றுகளின் அடிவாரத்தே, வயல்களின் நடுவே, உருத்திரேசுவரர் என்னும் திருநாமத்தோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கின்றார். மக்கள் இதனை இராமப்பா கோயில் என்றே வழங்குவர். கட்டுவித்தவன் பெயரை விடுத்து, கட்டிய சிற்பியின் பெயரால் கோயிலை அழைக்கின்றனர் என்பது அந்நாட்டார் வழிவழியாகக் கூறும் செய்தி.

ஓரங்கல்லைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காகதீயர் நமக்கு முற்றிலும் புதியவரல்லர். அம்மரபினனாகிய கணபதி தேவன் காலத்துக் கல்வெட்டொன்று காஞ்சித் திருவேகம்பத்திலும் உளது. அவன் இளமைப் பருவத்தில் தந்தையாகிய மகாதேவன் தேவகிரி யாதவரோடு பொருது மாண்டான். மைந்தனும் பகைவர் கையிற் சிறைப்பட்டான். அரசு சிதறிப்போகவிருந்த அந்நெருக்கடியில் அதனைத் தாங்கி நின்றவன் இரேசர்ல உருத்திரன் என்னும் படைத்தலைவன். நாடு தன் கைப்பட்டிருந்தும் அவன் அதனைத் தனதென்று கொள்ளவில்லை. சிறை மீண்டு வந்த கணபதி தேவனே அரியணை ஏறினான்.

அத்தகைய உருத்திரன் 1213ஆம் ஆண்டில் இக்காட்டூரில் உருத்திரேசுவரரைப் பிரதிட்டை செய்வித்தான். மெருகிட்ட கருங்கல் தூணின் நாற்புறத்தும் வடமொழியிற் பொறித்த கல்வெட்டு இதனைத் தெரிவிக்கின்றது. வழிபாட்டிற்கு ஊர்கள் நிவந்தமாக விடப்பட்டமையும் அதனால் விளங்கும்.

விண்மீன் வடிவினதாய் உயர்ந்த மேடைமீது கோயில் நிற்கின்றது. சுவர்கள் செம்மணற்கல்லால் ஆனவை. உள்ளே தூண்களும் உத்தரங்களும், வெளியே கூரையைத் தாங்குவனபோல் சாய்ந்து நிற்கும் ஆடல்மகளிர் உருவங்களும் கண்ணாடிபோல் மெருகேறிய கருங்கல்லில் அமைந்தவை. விமானத்தையோ நீரில் மிதக்கும் இலேசான செங்கற்களால் எழுப்பினர். அடிப்புறத்தில் குழி தோண்டி மணல் நிரப்பி, அதன்மேல் கடைக்கால் இட்டனர். நிலம் அசைந்தாலும் மணல் அவ்வதிர்வை ஏற்று அடங்கும். மேற்பாரம் குறைந்தால் கீழ்க்கல் நெடுநாள் தாங்கும். நூறு தலைமுறைக்குப் பின் வருவோரையும் எண்ணிக் கட்டிய கட்டடம் இது.

எனினும் இவ்வூரின் தலையாய அறம் கோயிலுக்கு அண்மையிலுள்ள ஏரியேயாம். குன்றுகளின் இடைவெளியைக் கரையிட்டு அடைத்து, மழைநீரைக் கடல்போல் தேக்கிய இராமப்பா ஏரி அது. காகதீயர் காலத்து ஆன்றோர் ஊரும் கோயிலும் ஏரியும் ஒருங்கே அமைப்பதைப் பேரறமாகக் கொண்டனர். இதே காட்டு நிலத்தில் பாகால், இலக்கனவரம் முதலிய பேரேரிகளும் அவர்கள் காலத்தனவே. இதன் நுட்பத்தை நாம் உணர்தல் வேண்டும். கோயிலுக்கு ஊர் விட்டோம் என்று கல்லில் எழுதிவிடின் விளக்கு எரியுமா? அவ்வூர் நிலம் விளைந்தாலன்றி நெய்யும் இல்லை, அமுதும் இல்லை. காட்டு நிலத்தில் நீரின்றி விளைவேது? குடியில்லாத ஊரிற் கோயில் தழைப்பதில்லை; நீரில்லாத ஊரிற் குடி தங்குவதில்லை.

இதன் மறுபுறத்தையும் அக்காடே காட்டுகின்றது. அம்மாவட்டத்து மேடாரம் என்னும் வனச்சிற்றூரில் ஈராண்டுக்கொருமுறை சம்மக்கா, சாரலம்மா என்னும் தாய்மகளிருக்குப் பெருவிழா நிகழ்கின்றது. எண்ணிறந்த மக்கள் திரள்கின்றனர். மழை பொய்த்த காலத்துத் திறை செலுத்த இயலாத கோயர் குடிகள்மீது காகதீயப் பிரதாபருத்திரன் படை வந்ததென்றும், அப்போரில் இவ்விருவரும் வீழ்ந்தனரென்றும் அம்மக்கள் கூறுவர். நீர் தந்த கையை ஒரு சிற்றூர் நினைக்கின்றது. வறட்சியில் வரி கேட்ட கையை மற்றொரு சிற்றூர் மறவாதிருக்கின்றது.

1323ஆம் ஆண்டில் தில்லிப் படையால் ஓரங்கல் வீழ்ந்தது. நிவந்தங்களுக்குக் காவலாக நின்ற அரசும் மறைந்தது. பன்னூறாண்டு கழிந்து, ஐதராபாத்து அரசின் தொல்பொருள் துறைத் தலைவர் குலாம் யஸ்தானி இக்கோயிலை ஆராய்ந்து எழுதிய நூல் 1922இல் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் யுனெசுகோ அவை இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அப்பெருமை வருவதற்கு முன்னரும், வந்த பின்னரும், ஏரி தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கின்றது. உருத்திரனுக்குப் பரம்பரை இன்று எங்கே என்று கேட்பாரில்லை. அவன் தேக்கிய நீரை மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சும் உழவர் உளர்.

ஆதலின், அன்பர்காள்! பொற்கலசம் ஏற்றிய கைகள் அத்துடன் அமைதலாகாது. தூர்ந்த திருக்குளத்தைத் தூர்வாருதலும், நாள்வழிபாட்டுக்குக் குறைவராத கட்டளை வைத்தலும், திருமுறை ஓதுவார் வயிறு வாடாமற் காத்தலும், ஊரார் விளைநிலத்துக்கு நீர்வரத்தைப் பேணுதலும் திருப்பணியே ஆகும். கலசநீர் ஒருநாள் சொரியும். ஏரிநீர் எந்நாளும் பாயும். இரண்டும் சிவபெருமான் திருமுடிக்கு உரிய நீரே என்பதைப் பாலம்பேட்டை நமக்கு அறிவுறுத்துகின்றது.

திருச்சிற்றம்பலம்.