குலுக்கப்பட்ட குழந்தை நோய்க்குறித்தொகுப்பு

மூளையின் தடித்த மேலுறைக்கு அடியிலும் விழித்திரையிலும் குருதிக்கசிவு, அவற்றுடன் மூளைச் செயலிழப்பு ஆகிய மூன்றும் வெளிக்காயமின்றி ஒரு கைக்குழந்தையிடம் சேர்ந்து காணப்படும்போது வழங்கிவந்த பெயர் இது. வேகமாகக் குலுக்கினாலே மூளைக்கும் உறைக்கும் இடையே பாலமாகச் செல்லும் மெல்லிய சிரைகள் அறுபடலாம் என்று பிரிட்டிஷ் நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் 1971இல் எழுதினார். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி 1974இல் அதற்கு நோய்ப்பெயர் சூட்டினார். நோயின் பெயருக்குள்ளேயே செயலும் செய்தவரும் புகுந்துவிட்டதால், உடற்கூறாய்வு மேசையிலேயே தீர்ப்பு எழுதப்படும் நிலை வந்தது. கத்கெல்சே முதுமையில் இதற்காகக் கவலை தெரிவித்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009இல் பரிந்துரைத்த ‘வன்கொடுமைத் தலைக்காயம்’ என்ற மாற்றுப்பெயர் குலுக்கலை விட்டதே தவிர, குற்றத்தை விடவில்லை. குருதி உறைதல் குறைபாடும் சில பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகளும் இதே கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், அவை விலக்கப்படும்வரை ‘காரணம் அறியப்படாத மூளையுறைக் குருதிக்கசிவு’ என்று எழுதுவதே முறை.