தாபித் இப்னு குர்ராவும் 73727 என்னும் பகா எண்ணும்

தன்னையும் ஒன்றையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண். 73727 அத்தகையது. கணினிக்கு இதைச் சோதிப்பது இமைப்பொழுது வேலை. கையால் சோதிப்பவரோ 2 முதல் 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். அடுத்த பகா எண்ணான 277-இன் வர்க்கம் 73727-ஐ மிஞ்சிவிடுவதால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டு இதனை ஏன் தேடினார்கள்? விடை 9ஆம் நூற்றாண்டின் பக்தாதில் தொடங்குகிறது.

220-ஐ மீதியின்றி வகுக்கும், அதனினும் சிறிய எண்களைக் கூட்டினால் 284 வரும். 284-க்கு அவ்வாறே செய்தால் 220 திரும்ப வரும். கிரேக்கர் அறிந்திருந்த இந்த இணையை அரபு அறிஞர்கள் 'ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்' என்றனர். அன்பை உண்டாக்கும் என்று கூறி இவ்வெண்களைத் தாயத்தில் எழுதியவர்களும் இருந்தனர்; இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதனைக் குறிப்பிடுகிறார். தாயத்துக்காரருக்கு அந்த ஓர் இணையே போதுமானதாக இருந்தது. தாபித் இப்னு குர்ராவுக்குப் போதவில்லை.

ஹர்ரானில் பிறந்து, பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் பக்தாதில் கற்றவர் அவர். ஸாபிஈன் சமயத்தவர், முஸ்லிம் அல்லர். நம் மேடைகளில் அவரை 'இஸ்லாமிய விஞ்ஞானி' என்று அறிமுகப்படுத்துவது பிழை. பிற சமயத்தவரான ஒருவரை அன்றைய பக்தாத் அரவணைத்து உயர்த்தியது என்னும் உண்மையை அப்பிழை மறைத்தும் விடுகிறது.

தாபித் கண்ட விதி இது: 2, 4, 8, 16 என இரட்டிக்கும் வரிசையில் 4 முதலாக ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. அதனை மும்மடங்காக்கி ஒன்றைக் கழிக்க. அதற்கு முந்திய எண்ணையும் அவ்வாறே செய்க. பின்னர் அவ்விரு வரிசை எண்களையும் தம்முள் பெருக்கி, ஒன்பது மடங்காக்கி, ஒன்றைக் கழிக்க. கிடைக்கும் மூன்றும் பகா எண்களாயின் ஓர் இணை உறுதி. 4-ஐ எடுத்தால் 11, 5, 71 கிடைக்கின்றன. முதலிரண்டையும் 4-ஆல் பெருக்கினால் 220. மூன்றாவதை 4-ஆல் பெருக்கினால் 284. 8-ஐ எடுத்தாலோ மூன்றாவதாக வருவது 287. அது 7-ஆல் வகுபடும், இணை இல்லை.

16 கைகொடுக்கிறது. அதில் பிறக்கும் 17296, 18416 என்னும் இணையைப் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி 14ஆம் நூற்றாண்டு வாக்கில் கணக்கிட்டு, தாபித்தின் விதிக்குப் புதிய நிரூபணமும் அளித்தார். 1636இல் ஃபெர்மா அதையே கண்டறிந்தபோது ஐரோப்பா அதனைப் புதியதெனக் கொண்டாடியது. ஃபெர்மா களவாடினார் என்று சிலர் எழுதுவதுண்டு, அதற்குச் சான்றில்லை.

அடுத்துப் பலன் தருவது 128. அங்கேதான் 191, 383 ஆகியவற்றுடன் 73727 நிற்கிறது. அது பகா எண் என்று உறுதியான பின்னரே 9363584, 9437056 என்னும் இணை கைகூடும். 1638இல் டெக்கார்ட் இதனை அறிவித்தார். அதே 17ஆம் நூற்றாண்டில் ஸஃபவி ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தியும் இதனைக் கணக்கிட்டிருந்தார்.

தாபித்தின் விதியில் நான்காவது இணை இன்றுவரை அகப்படவில்லை.